‘தேயிலை’ பிழையாக அச்சாகாமல் இருக்க

நானுஓயாவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “சின்னதாக ஒரு தேயிலைக் கடை வைத்திருக்கிறோம். போன ஏப்ரல் சீசனுக்குக் கடைப் பெயர் போட்ட துணிப்பை 300, மக் 50 கொழும்பில் அடிக்கக் கொடுத்தோம். பையில் தமிழ் எழுத்து பிழைத்துவிட்டது. திருத்தி அடித்து வந்தபோது நுவரெலியாவில் சனமே இல்லை. இந்த முறை எதைக் கவனிக்க வேண்டும்?”

எழுத்து எப்படிப் பிழைத்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். நம் நாட்டில் இன்னும் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். இது பரவாயில்லை, தமிழ் தெரியாதவர் கண்ணிலும் படும். போனிலும் இணையத்திலும் நாம் பயன்படுத்தும் யுனிகோடில் வருவதுதான் கள்ளத்தனமான பிழை. வடிவமைக்கும் மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைப் போடாமல் ஒட்டினால் கொம்புகள் இடம் மாறும். ‘தேயிலை’யில் தகரத்துக்கு முன் நிற்க வேண்டிய ஏகாரக் கொம்பு யகரத்துக்கு முன் போய் நிற்கும். லகரத்தின் ஐகாரக் கொம்பு சொல்லின் கடைசியில் தனியாகத் தொங்கும். தமிழ் வாசிக்காத ஒருவருக்கு அது ஒழுங்கான தமிழாகவே தெரியும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே, வடிவமைப்பவரிடம் எழுத்துகளைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டு உருவமாக மாற்றி பிடிஎஃப் ஆகத் தரச் சொல்லுங்கள். அப்புறம் எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து அசையாது. மாற்றியபின் சொல்லைத் திருத்த முடியாது என்பதால் பழைய கோப்பையும் வாங்கி வையுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அல்ல, டொக்கியுமென்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் லோகோவின் தரம் குறைந்து ஓரம் மங்கும்.

அடுத்தது புரூஃப், அதாவது அச்சடிக்கும் முன் சரிபார்க்கத் தரும் மாதிரி. பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் பார்த்து ‘ஓகே’ போடுகிறோமே, பாதிப் பிழை அங்கேதான் தப்புகிறது. தாளில் அச்செடுத்து, இதுவரை அதைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அதில் உள்ள தொலைபேசி எண்ணை அழுத்தி, உங்கள் கடைப் போன் அடிக்கிறதா என்று பாருங்கள். நுவரெலியாவின் 052 என்பது 051 ஆனால் அழைப்பு ஹட்டன் பக்கம் போய்விடும்!

பைக்கு ஸ்கிரீன் அச்சு (வலைச் சட்டம் வழியாக மையைத் தேய்த்து அடிப்பது) என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் வேண்டும். நிறம் கூடினால் செலவும் நாளும் கூடும். ஒன்றிரண்டு நிறமே போதும். முரட்டுத் துணியில் மை கசியும் என்பதால் சின்ன எழுத்தின் சுழிகள் அடைபடும், மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தமிழைப் பெரிதாகவும் தடிப்பாகவும் போடச் சொல்லுங்கள். காசு கேட்டாலும் கொடுத்து, ஒரே ஒரு பையை முதலில் அடித்துப் பாருங்கள். மக் விஷயத்தில் தலைவலி குறைவு. பூச்சுள்ள வெள்ளை மக்கில் சப்ளிமேஷன் முறையில், அதாவது சூட்டில் மையை ஏற்றினால், எல்லா நிறமும் விழும். ஐந்தாறு கூடுதலாக எடுங்கள், மலைப் பாதை வளைவுகளில் உடையும்.

சரி, நாள் கணக்கு. ‘பத்து நாளில் தருகிறோம்’ என்றால், அநேகமாக நீங்கள் புரூஃபை ஒப்புக்கொண்டு முற்பணம் கட்டிய நாளிலிருந்து பத்து. ஏப்ரல் 13, 14 புத்தாண்டு; வேலையாட்கள் அதற்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். போயா (பௌர்ணமி) விடுமுறையையும் கழியுங்கள். நான் என்றால் பெப்ரவரியில் வடிவமைப்பை முடித்து, மார்ச் முதல் வாரத்தில் ஓடர் கொடுத்து, மார்ச் 20க்குள் பொருள் வேண்டும் என்று எழுதி வாங்குவேன். மண்சரிவில் பாதை மூடினால் பார்சல் நடுவழியில் நிற்கும், அதற்கும் சில நாள் கையில் இருக்க வேண்டும். புரூஃப் சரியாக இருந்தும் அச்சுப் பிழைத்தால் அவர்கள் செலவிலேயே திரும்ப அடித்துத் தர வேண்டும் என்பதையும் அதே தாளில் சேருங்கள்.

பார்சல் வந்ததும் மேலே உள்ள பையை மட்டும் பார்க்காதீர்கள். நடுக்கட்டைப் பிரித்து நாலைந்தை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு மிச்சக் காசைக் கொடுங்கள்.