ராப் யாருடைய பாட்டு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே ராப் எழுதுகிறேன். மாமாவோ, "அது அமெரிக்கக்காரரின் பாட்டு, ஆபிரிக்காவில் பாடுகிறவர்களும் அவர்களைப் பார்த்துத்தானே பாடுகிறார்கள்" என்கிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, மாமா சொல்வதில் தொடக்கம் மட்டும் சரி. 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், ஜமெய்க்காவில் பிறந்த கூல் ஹேர்க் என்ற இளைஞர் தம் சகோதரி ஏற்பாடு செய்த விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றியதையே, ராப்பும் அடங்கிய ஹிப் ஹொப் கலையின் பிறப்பாகக் கொள்வது வழக்கம். 1980களில் அது ஆபிரிக்க நகரங்களை எட்டியபோது அங்குள்ள இளைஞர்களும் முதலில் பார்த்துத்தான் பாடினார்கள். ஆனால் அவர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை.

மேற்கு ஆபிரிக்க நாடான செனகலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வொலொப் மொழி பேசும் பெண்கள், திருமண வீட்டிலும் குழந்தைக்குப் பெயர் சூட்டும் நாளிலும், ஒரு கையாலும் ஒரு குச்சியாலும் அடிக்கப்படும் சபார் மேளத்துக்கு இசைவாக, புகழையும் கேலியையும் அடுக்கிச் சொல்வார்கள். அதன் பெயர் தாசு. ராப் வந்தபோது, இது நம் வீட்டில் ஏற்கெனவே இருப்பதுதானே என்று அங்குள்ளவர்கள் சொன்னதில் வியப்பில்லை. 1989இல் தலைநகர் டக்காரில் உருவான பொசிட்டிவ் பிளக் சோல் குழு வொலொப், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றையும் கலந்து பாடியது. 2013இல் சுமன், கெய்ட்டி என்ற இரு கலைஞர்கள் செய்தி வாசிப்பாளர்களைப் போல மேசைக்குப் பின்னால் அமர்ந்து, நாட்டு நடப்பை ஒருவர் பிரெஞ்சிலும் மற்றவர் வொலொப்பிலும் ராப்பாகவே வாசிக்கும் நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். பத்திரிகை படிக்கத் தெரியாதவர்களுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பே, 2011இல், மின்வெட்டால் சலித்துப்போன ராப் கலைஞர்களும் ஊடகவியலாளர்களும் சேர்ந்து தொடங்கிய "யென் அ மார்" இயக்கம், இளைஞர்களை வாக்காளர்களாகப் பதியச் செய்ய வீதி வீதியாக உழைத்தது. மறு ஆண்டுத் தேர்தலில் ஜனாதிபதி அப்துலாய் வாட் தோற்றார்.

கானாவில் ரெஜி ரொக்ஸ்டோன் ட்வி மொழியில் பாடியதிலிருந்து ஹிப்லைப் என்ற இசை வகை வளர்ந்தது. தன்சானியாவில் சுவாஹிலி ராப்பிலிருந்து பொங்கோ பிளேவா என்ற இசை வகை எழுந்தது; அங்கே முன்னோடி ராப் பாடகரான ஜோசப் எம்பிலின்யி 2010இல் நாடாளுமன்ற உறுப்பினராகவே தெரிவானார்.

இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு நம் மட்டக்களப்புப் பக்கத்துக் கொம்பு விளையாட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. வடசேரி, தென்சேரி என்ற இரு தரப்பினரும் எதிரெதிரே நின்று வசை பாடும்போது, எதிர்த்தரப்பின் சொல்லைப் பிடித்தே அவர்களை மடக்குவதுதானே அங்கும் திறமை? மாமாவிடமே அந்த வசைகளைக் கேட்டுப் பாருங்கள். அவருக்குச் சில நிச்சயம் பாடமாக இருக்கும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரின் அருகில் அமர்ந்து கூத்தின் தாளக்கட்டையும் கேளுங்கள். எழுதும்போது நம் ஊர்ப் பேச்சில் "மறுகா" என்று வந்த இடத்தை, வெளியூர்க்காரருக்குப் புரியாதே என்று அஞ்சி "பிறகு" என்று மாற்றிவிட வேண்டாம்.