டெபியன், உபுண்டு, மின்ட்: நம்மவர் கேள்விகளுக்குப் பதில்

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதிலிருந்து பர்மாவில் ரங்கூன், தட்டோன், மோல்மேன் என்று எல்லாப் பக்கமும் ஒரே விசாரிப்பு: விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடலாமா, போட்டால் அதன் பல வகைகளில் எதை? கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு, கேள்வியைச் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

ரங்கூனில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன் அண்ணே. நாலு கம்ப்யூட்டர், எல்லாம் விண்டோஸ் 10. புதிதாக வாங்க வசதியில்லை. எது நல்லது?

லினக்ஸ் மின்ட். விண்டோஸ் பழகிய கைக்கு அதன் சினமன் முகப்பில் தடுமாற்றம் வராது. ராம் 4 ஜிபிதான் என்றால் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்.

ஆனால் உங்கள் கடைக்குச் சோறு போடுவது பிரிண்டர். அதனால் இருப்பதை அழிப்பதற்கு முன் மின்டைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்குங்கள். ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே முழு மேசையும் (டெஸ்க்டாப்) திறக்கும். பிரிண்டரைச் செருகி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள், ஸ்கேனரையும் ஓட்டிப் பாருங்கள். பல பிரிண்டர்கள் தானாக வேலை செய்யும். சில மலிவு லேசர் பிரிண்டர்கள் அடம் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் நாலில் ஒன்றை விண்டோஸிலேயே விட்டு, பிரிண்டரை அதில் மாட்டிக்கொள்ளுங்கள். வைராக்கியத்துக்காக வாடிக்கையாளரைக் காக்க வைக்காதீர்கள்.

தட்டோனில் தமிழ் வகுப்புக்குப் பழைய கம்ப்யூட்டர்கள் பத்து வந்திருக்கின்றன. இன்டர்நெட் என்றால் போன் டேட்டாதான், அதுவும் இருந்தால் உண்டு. அப்டேட்டுக்கே காசு கரைந்துவிடுமே?

டீச்சர், உங்களுக்கு டெபியன். மின்ட் உபுண்டுவின் மேல் கட்டியது. உபுண்டு டெபியனிலிருந்து வந்தது. மூன்றுக்கும் அடியில், மென்பொருளை நிறுவவும் அப்டேட் செய்யவும் இருப்பது ஒரே ஆப்ட் முறைதான். டெபியன் நிலையான பதிப்பு வெளிவந்த பிறகு அதில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தமும் பிழை நீக்கமும் மட்டுமே வரும். புதுப்புது வசதிகளைத் திணித்து டேட்டாவைத் தின்னாது.

நிறுவும் கோப்பில் இரண்டு வகை உண்டு. சிறியது நெட்இன்ஸ்ட், மிச்சத்தை இன்டர்நெட்டிலிருந்து இழுக்கும், அது உங்களுக்கு வேண்டாம். டிவிடி அளவுள்ள பெரியதை ரங்கூனில் நல்ல இணைப்பு இருக்கும் யாரிடமாவது இறக்கச் சொல்லிப் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். மேசை, ஆபீஸ் வேலைக்கான லிப்ரே ஆபீஸ், பிரவுசர் எல்லாம் அதிலேயே இருக்கும்.

அப்புறம் முக்கியமானது: பத்தையும் ஒரு நெட்வொர்க் சுவிட்சில் இணைத்து, ஒன்றில் மட்டும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சின்ன மென்பொருளை நிறுவுங்கள். மற்ற ஒன்பதையும் அப்டேட்டை அதனிடமே கேட்கும்படி அமைத்துவிடுங்கள். ஒரு மென்பொருள் பொட்டலத்தை அது ஒருமுறை இறக்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கொடுக்கும். பத்து மடங்கு செலவாக வேண்டிய டேட்டா கிட்டத்தட்ட ஒரு மடங்கில் முடியும். நிபந்தனை ஒன்று உண்டு. பத்திலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். நாலில் மின்ட், மூன்றில் உபுண்டு என்று ஆளுக்கொரு ஆசையைத் தீர்த்து வைத்தால் சேமிப்பெல்லாம் போச்சு.

மூன்றும் ஒரே வழி வந்தவை என்றால் நடுவில் உபுண்டு எதற்கு அண்ணா? (மோல்மேன், மாணவர்)

நியாயமான கேள்வி தம்பி. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் உபுண்டுவைத் தொடங்கியபோது டெபியனை நிறுவுவது சாமானியர்களுக்குச் சிரமம். அந்த இடத்தை உபுண்டு நிரப்பியது. இன்று டெபியனும் எளிதாகிவிட்டது. 12-ஆம் பதிப்பிலிருந்து வைஃபைக்குத் தேவையான, மூல நிரல் வெளியிடாத ஃபர்ம்வேரும் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) நிறுவும் கோப்போடு சேர்ந்தே வருகிறது.

உபுண்டுவின் பின்னால் கனோனிக்கல் என்ற நிறுவனம் இருக்கிறது, காசு கொடுத்தால் ஆதரவு கிடைக்கும். டெபியனுக்கு முதலாளி இல்லை, தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். உபுண்டு சில மென்பொருள்களை ஸ்னாப் என்ற தனி வடிவில் தருகிறது. பழைய கம்ப்யூட்டரில் அது திறக்க நேரமாகும், டேட்டாவும் கூடுதல். மின்ட் அதை முன்கூட்டியே தடுத்து வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் நம் ஊர் இணைப்புக்கு மின்ட் செய்ததே சரி. உபுண்டு இல்லாமல் டெபியன் மேலேயே நேராகக் கட்டிய மின்டும் உண்டு, பெயர் எல்எம்டிஇ.

பெகுவில் எங்கள் மண்டியின் கணக்கு சர்வர் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸில் ஓடுகிறது. நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றியே ஆக வேண்டுமா ஐயா?

மாற்ற வேண்டும் ஐயா. 2024 ஜூன் 30-ஓடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிட்டது. ஓடுவது கண்ணுக்குத் தெரியும், ஓட்டை தெரியாது.

முதலில் கணக்கு மென்பொருளைக் கொடுத்தவரைக் கேளுங்கள். சென்ட்ஓஎஸ் போல ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் வழி வந்ததுதான் வேண்டும் என்று அவர் சொன்னால் ஆல்மா அல்லது ராக்கி லினக்ஸ். எதுவானாலும் சரி என்றால் டெபியன். இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சர்வர் என்று நாம் வைத்திருப்பது பெரும்பாலும் கைமாறி வந்த பழைய பெட்டி. ராக்கி 10 ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள பிராசஸரில்தான் ஓடும். இன்டலில் அது 2013-இல் ஹாஸ்வெல் தலைமுறையோடு வந்தது, அதற்கு முந்தையதில் இல்லை. ஆல்மா 10 பழைய பிராசஸருக்கென்று தனிக் கட்டமைப்பு தருகிறது. டெபியன் 13-க்கு 64 பிட் இருந்தால் போதும்.

பழைய டிஸ்கிலேயே மேம்படுத்த முயலாதீர்கள். புது டிஸ்க் வாங்கி அதில் நிறுவி, தரவை நகலெடுத்து, ஒரு வாரம் இரண்டிலும் கணக்கு எழுதிப் பாருங்கள். பழைய டிஸ்கைக் கழற்றி அலமாரியில் பூட்டி வையுங்கள்.

கரண்ட் விஷயம் தனி. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு) இருப்பதால் திடீரென்று கரண்ட் போனாலும் டிஸ்கின் அமைப்பு பெரும்பாலும் தப்பிக்கும், ஆனால் எழுதிக்கொண்டிருந்த பில் தப்பாது. யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கம்பியைச் சர்வரில் செருகி நட் என்ற மென்பொருளை அமைத்தால், பேட்டரி தீரும் முன் சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். கரண்ட் வந்ததும் தானே எழும்ப பயாஸில் ஒரு அமைப்பு இருக்கும், அதையும் போட்டு வையுங்கள். மண்டி திறக்கும்போது ஆள் வந்து பொத்தானை அமுக்க வேண்டியதில்லை.

ஹேக்கிங் கற்க ஆசை. காளி லினக்ஸைத் தினசரிக்குப் போடலாமா?

வேண்டாம். அதுவும் டெபியன் வழிதான், ஆனால் பாதுகாப்புச் சோதனை வேலைக்கென்று செய்தது. மின்ட் போட்டு, காளியை அதற்குள் விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி) ஓட்டு. ரங்கூன் காளி கோயிலுக்கு வேண்டுமானால் தினமும் போகலாம்.

லினக்ஸில் பர்மிய எழுத்து சிதறித் தெரிகிறது. தமிழ் அடிக்கவும் வழி சொல்லுங்கள். (ரங்கூன், அலுவலகப் பணியாளர்)

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம் தங்கச்சி. பதோக் அல்லது நோட்டோ மியான்மர் போடுங்கள். எழுத்து இருந்து, இடம் மாறிக் குழம்பினால் அது யூனிகோடு அல்லாத பழைய ஸாஜி முறையில் அடித்த கோப்பு. 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறியது, அதற்கு முன் அடித்ததெல்லாம் பெரும்பாலும் ஸாஜிதான். எழுத்துருவை மாற்றி ஒப்பேற்றாமல், ஸாஜியை யூனிகோடாக்கும் மென்பொருள் ஒன்றை வைத்து அந்தக் கோப்புகளை மாற்றிவிடுங்கள். தமிழுக்கு ஐபஸ்-எம்17என் என்ற மென்பொருளை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.

என் லேப்டாப் 32 பிட். கதி இல்லையா?

விண்டோஸ் 32 பிட் என்பதால் லேப்டாப்பும் அப்படித்தான் என்று முடிவு கட்டாதீர்கள். கோர் 2 டுவோ எல்லாமே 64 பிட். உண்மையிலேயே 32 பிட் பிராசஸர் என்றால் டெபியன் 13-இல் அதற்கு நிறுவும் கோப்பு இல்லை, 12-ஓடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நிறுவிய பிறகு வைஃபை வரவில்லை. டிரைவர் இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும்!

போனை யுஎஸ்பி கம்பியில் செருகி, போன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். மின்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் போன்ற சிப்புக்கு வேண்டியதை அதுவே காட்டும். இறக்கி முடித்ததும் டெதரிங்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மொத்த அப்டேட்டும் உங்கள் டேட்டாவில் இறங்கிவிடும்.