கறுப்புப் பல், தெத்துப்பல், துருக்கிப் பல்: ஒரு பல் டாக்டரிடம் சில கேள்விகள்

ஊருக்கு ஊர் பல் அழகு ஏன் மாறுகிறது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பல் கட்டுவதும் கேப் போடுவதும்தான் என் அன்றாட வேலை என்பதால் இந்தக் கேள்விகள் எனக்குப் பிடித்தவை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், வாயைப் பார்க்காமல் யாருக்கும் சிகிச்சை எழுதித் தர முடியாது.

சென்னையிலிருந்து: டாக்டர், ஜப்பானில் பெண்கள் பல்லுக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டார்கள் என்று படித்தேன். நிஜமா? சொத்தையை மறைக்கவா?

நிஜம்தான். ஒஹகுரோ என்று அதற்குப் பெயர். சொத்தையை மறைக்க இல்லை, கறுப்புதான் அழகு என்பதற்காக. பழைய ஆணி, இரும்புத் துண்டுகளைத் தேநீரிலும் காடியிலும் அரிசி மதுவிலும் ஊறப்போட்டு வைப்பார்கள். நாளாக நாளாக அது பழுப்பு நிறமாகி நாற்றமெடுக்கும். நம் நாட்டு மருந்துக் கடை மாசிக்காய் போன்ற ஒரு காயின் தூளையும் இந்தத் திரவத்தையும் மாற்றி மாற்றித் தூரிகையால் பல்லில் தடவினால், காயில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து கன்னங்கரேல் என்று ஆகிவிடும். அந்தக் காலத்தில் எழுதுவதற்குச் செய்த இரும்பு மையும் இதே ரசாயனம்தான். நிறம் மங்கிவிடும் என்பதால் சில நாளுக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.

முதலில் அரண்மனை வட்டாரத்து வழக்கம், அங்கே ஆண்களும் பூசிக்கொண்டார்கள். எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, அது பெரும்பாலும் கல்யாணமான பெண்களின் அடையாளமாகிவிட்டது. முகத்துக்கு வெள்ளை மாவு பூசிய பிறகு, பக்கத்தில் இயற்கையான பல் மஞ்சளாகத்தானே தெரியும்? கறுப்பாக்கிவிட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை. 1870-இல், அடுத்து வந்த மெய்ஜி பேரரசரின் அரசு பிரபுக் குடும்பங்களுக்கு இதைத் தடை செய்தது. 1873-இல் பேரரசி ஷோக்கென் வெள்ளைப் பல்லோடு வெளியே வந்தார். அதற்கப்புறம் வழக்கம் மெல்ல ஓய்ந்தது. மேற்கத்தியர் முன்னால் நவீனமாகத் தெரிய வேண்டும் என்ற அவசரம்தான் காரணம், பல் மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. சொல்லப்போனால் அந்தப் பூச்சு எனாமலை மூடிக்காத்துச் சொத்தையைக் குறைத்தது என்றுதான் பல் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

வியட்நாமிலும் கறுப்புப் பல் உண்டு. வெள்ளைப் பல் மிருகத்துக்கும் பேய்க்கும் உரியது என்று அங்கே நினைத்தார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நகரத்துப் பெண்கள் அதைக் கைவிட்டார்கள்.

லண்டனிலிருந்து: வணக்கம் டொக்டர். பிரிட்டிஷ்காரரின்ர பல்லை அமெரிக்கர் எப்பவும் பகிடி பண்ணுறவை. உண்மையிலேயே இவையின்ர பல் மோசமோ?

இல்லை. 2015-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் இதையே ஓர் ஆய்வாகப் போட்டார்கள். பெரியவர்களுக்கு இல்லாமல் போன பற்கள் சராசரியாக இங்கிலாந்தில் 6.97, அமெரிக்காவில் 7.31. பணக்காரர் வாய்க்கும் ஏழை வாய்க்கும் இடையே உள்ள தூரமும் அமெரிக்காவில்தான் அதிகம்.

பகிடிக்குக் காரணம் ஆரோக்கியம் இல்லை, வரிசை. பிரிட்டனில் பிள்ளைகளுக்கு அரசுச் செலவில் கிளிப் போட வேண்டும் என்றால் பல் எவ்வளவு கோணல் என்று ஐந்து படிகளில் மதிப்பிடுவார்கள். மேல் படிகளில் இருந்தால்தான் இலவசம். லேசான கோணலை அப்படியே விட்டுவிடுவார்கள், அது வெட்கப்படும் விஷயமாகவும் இருக்கவில்லை. இதற்கு முந்தைய தலைமுறையின் கதை இன்னும் விசித்திரம். இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கோ கல்யாணத்துக்கோ எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டுப் பல்செட் வாங்கித் தருவது சில குடும்பங்களில் பரிசு! பிற்காலத்தில் புருஷனுக்குப் பல் செலவு வைக்காத பெண் என்று அர்த்தம். 1948-இல் தேசிய சுகாதாரச் சேவை வந்தபோது பல்செட் இலவசம். கூட்டம் தாங்காமல் 1951-இல் கட்டணம் வைத்தார்கள்.

அமெரிக்காவின் அளவுகோல் சினிமாவில் பிறந்தது. சார்லஸ் பிங்கஸ் என்ற கலிஃபோர்னியா பல் மருத்துவர் நடிகர்களுக்கு மெல்லிய பல் மூடிகள் செய்து கொடுத்தார். பல்செட் ஒட்டும் பசையால் ஒட்டி, படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், அதோடு சாப்பிட முடியாது. குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளுக்குப் பால்பல் விழுந்த இடங்கள் திரையில் தெரியாததற்கும் அவர்தான் காரணம். 1955-இல் புவோனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டும் வழியைக் கண்டுபிடித்தார். 1980-களில் அது நிரந்தர வெனீராகிக் கடைத்தெருவுக்கு வந்தது. நடிகர்கள் கழற்றி வைத்ததைச் சனங்கள் நிரந்தரமாகப் போட்டுக்கொண்டார்கள்.

திருச்சியிலிருந்து: மேடம், என் பெண்ணுக்கு 13 வயது, தெத்துப்பல். என் அம்மா அதுதான் அழகு என்கிறார். மாமியார் கிளிப் போடச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

உங்கள் அம்மாவுக்கு ஜப்பானில் நிறைய ஆதரவு கிடைக்கும். அங்கே இதற்கு யாயெபா என்று பெயர். 2011 வாக்கில் டோக்கியோவில் நேரான பல் உள்ள இளம்பெண்கள் காசு கொடுத்துச் செயற்கைத் தெத்துப்பல் ஒட்டிக்கொண்டார்கள்.

மேல் கோரைப்பல் 11, 12 வயதில்தான் முளைக்கும். அதற்குள் இடம் நிரம்பிவிட்டால் வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். பிரஷ் அதன் இடுக்கில் போகிறதா, கடிக்கும்போது கீழ்ப்பல்லில் தப்பாக உரசுகிறதா, உதட்டைக் குத்துகிறதா என்று ஒருமுறை காட்டிப் பாருங்கள். இவை இல்லையென்றால் அவசரமே இல்லை. அம்மாவையும் மாமியாரையும் விட்டுவிட்டுப் பெண்ணிடம் கேளுங்கள். கிளிப்போடு ஒன்றரை, இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போகப்போவது அவள்தான்.

கோவையிலிருந்து: பாலித் தீவில் பல்லை அராவுகிறார்களாமே?

ஆமாம், அவர்களுக்கு அது சடங்கு. வயதுக்கு வந்த பிறகு, கல்யாணத்துக்கு முன்னால் செய்வார்கள். செலவு அதிகம் என்பதால் பல குடும்பங்கள் கல்யாணத்தோடு சேர்த்தே முடித்துவிடும். மேல்வரிசை முன்பற்கள் நான்கு, கோரைப்பற்கள் இரண்டு, ஆக ஆறு. இந்த ஆறும் மனசுக்குள் இருக்கும் ஆறு பகைகளைக் குறிக்கும், நமக்குத் தெரிந்த அதே ஆறுதான்: காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாற்சரியம். கூரான பல் மிருக குணம் என்பதால் சமமாக்குகிறார்கள். இப்போது பலர் பெயருக்கு இரண்டு இழுப்போடு நிறுத்திவிடுகிறார்கள். நல்லதுதான், போன எனாமல் திரும்ப வளராது.

மலேசியாவிலிருந்து: முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அதிர்ஷ்டமா?

பிரான்சில் அப்படித்தான் சொல்வார்கள், நைஜீரியாவில் அது அழகு. பிறவியிலிருந்தே இருந்தால் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதுக்கு மேல் புதிதாக இடைவெளி வந்தால் அது அதிர்ஷ்டம் இல்லை, ஈறு நோயாக இருக்கலாம்.

தருமபுரியிலிருந்து: எங்கள் பக்கம் நிறையப் பேருக்குப் பல் பழுப்பாக இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் ஒழுங்காகப் பல் விளக்க மாட்டாள் போல என்று பேசுகிறார்கள். என்ன செய்வது டாக்டர்?

பல் விளக்குவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பிரச்சினை. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும்போது, அதாவது சுமார் எட்டு வயது வரைக்கும், அந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமல் சரியாக இறுகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். கறை எனாமலுக்குள் இருப்பதால் தேய்த்துப் போகாது. செங்கல் தூளும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கறை அப்படியே இருக்க, பல் மட்டும் தேய்ந்து கூச்சத்தோடு வருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் அந்தப் பெண் பார்க்கும் கூட்டத்தின் மேல்தான் வரும்.

லேசான கறைக்கு ப்ளீச்சிங்கும் மேற்பரப்பை மெலிதாகத் தேய்த்தெடுப்பதும் போதும். ஆழமானதற்குப் பல் நிறப் பசை அல்லது வெனீர். முன்னால் தெரியும் பற்களுக்கு மட்டும் செய்தாலே போதும். அழகு சிகிச்சை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இங்கே கொஞ்சம் யோசிக்கலாம்.

லண்டனிலிருந்து: என் அக்கா மகன் துருக்கிக்குப் போய் இருபது பல்லுக்கு வெனீர் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். வெளிச்சம் போட்ட மாதிரி இருக்கிறது. சரியா?

முதலில் அது வெனீரா கேப்பா என்று கேளுங்கள். வெனீருக்கு முன்பக்கம் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவினால் போதும். கேப்புக்குச் சுற்றிலும் கடைய வேண்டும், வெளியே தெரியும் பல்லில் பாதிக்கு மேல் போய்விடும். மிச்சம் ஒரு சின்ன முளை. வெனீர் என்று சொல்லிக் கேப் போட்டு அனுப்பியதாகப் புகார்கள் நிறைய. எந்தக் கேப்பும் ஆயுளுக்கும் வராது. பத்து, பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டிவரும். 25 வயதுப் பையன் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் நிறம். பல் நிறம் பார்க்க எங்களிடம் 16 நிறங்கள் கொண்ட ஒரு பட்டை உண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் உதட்டருகே பிடித்துப் பார்ப்போம். அதில் இருக்கும் மிக வெளுத்த நிறமே பலருக்குப் போதவில்லை என்று, இயற்கையில் இல்லாத வெளுப்புகளைத் தனியாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. கண்ணின் வெள்ளையைவிடப் பல் வெளுப்பாக இருந்தால் எதிரே இருப்பவர் பார்வை பல்லிலேயே நிற்கும்.

தஞ்சாவூரிலிருந்து: பாட்டிக்கு வெற்றிலைக் கறை. பேரன் கல்யாணத்துக்கு முன்னால் ப்ளீச் பண்ணலாமா?

ப்ளீச் வேண்டாம், பல் சுத்தம் செய்தாலே பெரும்பகுதி போய்விடும். பாட்டிக்கு விருப்பமா என்றும் கேளுங்கள். அவர் வளர்ந்த காலத்தில் அந்தச் சிவப்பு அழகுதான். ஆனால் பாக்கையே புற்றுநோய் வரவழைக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது, புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். பாட்டியின் மூன்று விரல் செங்குத்தாக வாய்க்குள் நுழைகிறதா, கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விரல் நுழையவில்லை, அல்லது திட்டு தெரிகிறது என்றால் கல்யாண வேலையெல்லாம் அப்புறம், இந்த வாரமே அழைத்துப் போங்கள்.