சி.எம்.எல்., சி.எல்.எல். ரிப்போர்ட்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

இரத்தப் புற்றுநோய் மரபணுச் சோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். சி.எம்.எல்., சி.எல்.எல். என்ற இரண்டு நாள்பட்ட இரத்தப் புற்றுநோய்கள் பற்றி மொரீஷியஸ் சொந்தங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில்.

ரோஸ் ஹில் தம்பி: அக்கா, அம்மாவுக்கு சி.எம்.எல். மார்ச்சில் பிசிஆர்-ஏபிஎல் 0.06%, ஜூனில் 0.11%. நோய் இரண்டு மடங்காகிவிட்டதா?

அப்படி முடிவு கட்டாதீர்கள் தம்பி. 9, 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் உண்டாகும் கூட்டு மரபணுதான் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL). அதன் ஆர்.என்.ஏ. பிரதிகளை எண்ணி, இயல்பான ஒரு மரபணுவின் பிரதிகளோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான் அந்தச் சதவீதம். 0.1% என்றால், சர்வதேச அளவுகோலின் தொடக்க அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு கீழே வந்தபின் குழாயில் அகப்படும் பிரதிகளே சொற்பம். அதே ரத்தத்தை மறுபடி சோதித்தாலும் இந்த அளவு ஏறி இறங்கும்.

ஆனாலும் 0.1 என்ற எல்லையைத் தாண்டிவிட்டது, மறுசோதனை வேண்டும். இரண்டும் ஒரே லேபா? வெவ்வேறு லேப் என்றால் ஒப்பிடவே வேண்டாம். மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போனது? அம்மாவிடம் கோபப்படாமல் கேளுங்கள். கோபப்பட்டால் “ஒரு நாளும் விடலியே” என்றுதான் சொல்வார்.

போர்ட் லூயி அம்மா: கணவருக்கு சி.எல்.எல். ‘ஸாப்-70 பாசிட்டிவ்’ என்று பார்த்ததிலிருந்து தூக்கமில்லை.

அம்மா, ஸாப்-70 இயல்பாக டி செல்கள் என்ற வெள்ளணுக்களில் இருக்கும் புரதம். சி.எல்.எல். நோயில் பெருகும் பி செல்கள் என்ற வெள்ளணுக்களில் அது தெரிந்தால் நோய் கொஞ்சம் வேகமாகப் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் அளக்கும் முறை லேபுக்கு லேப் மாறுவதால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஐ.ஜி.எச்.வி. (பி செல்லின் எதிர்ப்புப் புரத மரபணு) மாறுதல், 17பி (17p) இழப்பு (17ஆம் குரோமோசோமின் குட்டைக் கை இல்லாமல் போவது), டிபி53 (புற்றைத் தடுக்கும் மரபணு) பழுது மூன்றையும் கேளுங்கள். ஐ.ஜி.எச்.வி. ஒருமுறை பார்த்தால் போதும். டிபி53 ஒவ்வொரு சிகிச்சைக்கு முன்பும் பார்க்க வேண்டும்.

காத்ர் போர்ன்: காவடி விரதத்தில் சி.எம்.எல். மாத்திரையான இமாடினிப்பை வெறும் வயிற்றில் போடலாமா?

வேண்டாம். சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் தண்ணீருடன் போட வேண்டும். காவடியன்று பூஜை முடிந்து சாப்பிடும்போது போடலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். கிரேப்ஃப்ரூட்டும் கூடாது, மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும்.

வாக்குவா ஐயா: எண் ஏறினால் ஏறியதுதானே? அந்தத் தம்பிக்கு வீண் ஆறுதல் எதற்கு?

ஆறுதல் இல்லை ஐயா. 0.06, 0.11, 0.4, 1.2 என்று போனால் நானே உடனே ஓடச் சொல்வேன். 0.06, 0.11, 0.05 என்று போனதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரே எண்ணுக்குப் பயந்து மருந்தை மாற்றினால் நன்றாக வேலை செய்யும் மருந்தை இழக்கிறோம்.

கியூர்பிப்: எனக்கு 0.03 இப்போது 0.05...

மேலே தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். ஒரே லேப், ஒரு நாளும் மாத்திரை விடாமல்.

வாக்குவா ஐயா: சரி, எப்போதுதான் கவலைப்படலாம்?

மாத்திரை தவறாமல் போட்டும், அதே லேபில் மறுசோதனையிலும் இன்னும் ஏறினால். அப்போது ஏபிஎல் மியூட்டேஷன் (மரபணு மாற்றம்) சோதனை கேளுங்கள். டி315ஐ (T315I) என்ற மாற்றம் இருந்தால் இமாடினிப், டாசாடினிப், நிலோடினிப் ஆகிய மூன்று மருந்துகளும் பலிக்காது. போனாடினிப் பலிக்கும்.