செந்நரியின் தாய்வழியும் தந்தைவழியும்

வணக்கம் ஐயா,

செந்நரிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கிழக்கு அமெரிக்காவில் இன்று திரியும் செந்நரிகள், வேட்டைப் பிரியர்கள் 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தவற்றின் வாரிசுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழைய கதை. 2012-லேயே டி.என்.ஏ ஆய்வு அதைத் தள்ளிவிட்டது. அப்புறம், அமெரிக்கச் செந்நரியும் ஐரோப்பியச் செந்நரியும் பிரிந்து நாலு லட்சம் ஆண்டுகள் ஆகின்றன என்கிறார்கள். அப்படியானால் இரண்டும் வெவ்வேறு இனம்தானே? இன்னொரு சந்தேகம்: சைபீரியாவில் பல தலைமுறைகளாக வளர்த்துச் சாதுவாக்கிய நரிகள் இந்த இரண்டில் எந்தப் பக்கம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தப்பு என்னுடையதுதான். கதை சுவையாக இருந்தது, சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். அந்தக் கதை இப்படிப் போகும். குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு வேட்டைநாய்களை விட்டு நரியைத் துரத்த ஆசை. ஆனால் அங்கே கண்ணில் பட்டது சாம்பல் நரி. அது துரத்தினால் சட்டென்று மரத்தில் ஏறிவிடும், ஆட்டம் அதோடு முடிந்தது. அதனால் ஓடத் தெரிந்த செந்நரியை ஊரிலிருந்து வரவழைத்தார்கள், அதுவே பெருகிப் பரவியது. தென்கிழக்குப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை செந்நரி அரிதாகவே இருந்தது என்பதால் இது நம்பும்படியாகவும் இருந்தது.

2012-ல் வந்த ஆய்வு நீங்கள் சொல்வது போலத்தான் சொன்னது. கிழக்கு அமெரிக்க நரிகளில் ஐரோப்பிய வம்சாவளியின் தடயமே கிடைக்கவில்லை. அவை அந்த மண்ணின் நரிகள், வடக்கிலிருந்து தாமாகவே தெற்கே பரவியவை. ஆனால் நீங்களும் அங்கேயே நின்றுவிட்டீர்கள். அந்த ஆய்வில் அட்லாண்டிக் கரையோரச் சமவெளியிலிருந்து எடுத்த மாதிரிகள் மிகக் குறைவு. கப்பல் வந்து நின்ற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தேடியது மாதிரி. 2016-ல் அந்தக் குறையைச் சரிசெய்ய 584 நரிகளின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ-வைப் பார்த்தார்கள். 17 சதவீத நரிகளிடம் ஐரோப்பிய வகை இருந்தது! பெரும்பாலும் கடற்கரைச் சமவெளியிலும் ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், அதாவது மனிதர்கள் நெருக்கி வாழும் இடங்களில். உள்ளே அப்பலாச்சியன் மலைப்பக்கம் போனால் பெரும்பாலும் நாட்டு நரிதான். ஆக, பழைய கதை முழுப் பொய் அல்ல. பெரிய உண்மையாகச் சொல்லப்பட்ட சின்ன உண்மை.

இதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆண் நரிகளின் ஒய் குரோமோசோமையும் பார்த்தார்கள். 135 ஆண்களில் ஐரோப்பிய ஒய் இருந்தது வெறும் 3 பேரிடம். தாய்வழியில் 17 சதவீதம், தந்தைவழியில் 2 சதவீதம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ தாயிடமிருந்து மட்டும் வரும். தந்தையுடையது குட்டிக்குப் போவதில்லை. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும். ஒரு நரிக்கு நாலு தாத்தா பாட்டி என்றால், மைட்டோகாண்ட்ரியா அவர்களில் ஒரே ஒரு பாட்டியைப் பற்றித்தான் பேசும். மற்ற மூவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஆயிரத்துச் சொச்சம் முன்னோர்களில் ஒருத்தி. போதாக்குறைக்கு, இப்படி ஒற்றை வழியில் போகும் டி.என்.ஏ தற்செயலாகவே பெருகவும் மறையவும் செய்யும். ஒரு பெண் நரிக்கு ஆண்குட்டிகளாகவே பிறந்தால் அவளுடைய மைட்டோகாண்ட்ரியா வழி அங்கேயே அறுந்துபோகும், அவள் மரபணுக்களில் பாதி ஒவ்வொரு குட்டியிடமும் பத்திரமாக இருந்தாலும். எனவே 17 சதவீதம் என்பதை “17 சதவீத நரிகள் ஐரோப்பிய நரிகள்” என்று படித்துவிடக் கூடாது. நானே முதலில் அப்படித்தான் படித்தேன்.

இந்தத் தாய்வழி, தந்தைவழிக் குழப்பம்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அடிப்படை. 2014-ல் உலகம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ ஆயிரம் செந்நரிகளின் டி.என்.ஏ-வைச் சேர்த்து ஓர் ஆய்வு வந்தது. இன்றுள்ள எல்லாச் செந்நரிகளுக்கும் மூலம் மத்திய கிழக்கு என்று அது சொன்னது. அங்கிருந்து ஆசியா, ஐரோப்பா எங்கும் பரவி, கடல்மட்டம் இறங்கி சைபீரியாவும் அலாஸ்காவும் நிலத்தால் இணைந்திருந்த ஒரு பனியுகத்தில் ஒரு கூட்டம் வட அமெரிக்காவுக்குள் போனது. நீங்கள் சொல்லும் நாலு லட்சம் அந்தக் கிளையின் வயது. ஆனால் அந்த எண்ணுக்குத் திட்ட விலக்கம் (கணக்கு எவ்வளவு முன்பின் போகலாம் என்பதன் அளவு) 1,39,000 ஆண்டுகள். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று வைத்தாலே இரண்டரை லட்சத்திலிருந்து ஐந்தரை லட்சம் வரை போகும். பத்திரிகைகளில் வரும்போது இந்த இரண்டாவது எண் காணாமல் போய்விடுகிறது.

அப்புறம் சிக்கல் வருகிறது. அலாஸ்காவிலும் மேற்குக் கனடாவிலும் உள்ள நரிகளில் பலவற்றின் மைட்டோகாண்ட்ரியா யூரேசிய நரிகளுடையதை ஒத்திருக்கிறது. இது மட்டும் கையில் இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரண்டாவது அலையாக ஒரு பெரிய கூட்டம் வந்து பழைய நரிகளோடு கலந்துவிட்டது என்று. முந்தைய ஆய்வுகளைப் படித்தவர்கள் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் ஒய் குரோமோசோமைப் பார்த்தால், கப்பலில் வந்தவற்றை விட்டுவிட்டால், அமெரிக்க வகை அமெரிக்காவில் மட்டும், யூரேசிய வகை யூரேசியாவில் மட்டும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் குரோமோசோம்களில் 11 இடங்களைச் சோதித்தார்கள், அங்கேயும் இரண்டாவது அலையின் சுவடு தெரியவில்லை. வந்தது ஒற்றைத் தாய்வழி. அதோடு வந்த மற்ற மரபணுக்கள் எல்லாம் உள்ளூர் மரபணு வெள்ளத்தில் கரைந்துபோயின. செந்நரிகளை இரண்டாகப் பிரிக்கும் மிக ஆழமான கோடு சைபீரியாவுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே உள்ள பெரிங் நீரிணையில்தான் ஓடுகிறது.

சரி, இரண்டு இனமா? 1820-ல் அமெரிக்க நரிக்குத் தனிப்பெயரே கொடுத்திருந்தார்கள், பின்னால் அது வல்பெஸ் ஃபுல்வா என்றானது. 1959-ல் சர்ச்சர் என்ற விலங்கியலாளர் மண்டையோடுகளை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று அதை ஐரோப்பியச் செந்நரியின் அறிவியல் பெயரான வல்பெஸ் வல்பெஸுக்குள் சேர்த்துவிட்டார். 2014 ஆய்வாளர்கள் பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவரலாம் என்கிறார்கள். நான் அவசரப்பட மாட்டேன். நடுவில் கடல் இருந்ததால் அவை இனம் சேரவில்லை என்பது வேறு, சேர முடியவில்லை என்பது வேறு. மனிதன் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டபோது என்ன நடந்தது? கடற்கரைச் சமவெளியில் ஐரோப்பியப் பாட்டிகளின் மைட்டோகாண்ட்ரியா இன்னும் பேத்திகளிடம் இருக்கிறது. ஒய் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்று யாராவது குடைந்து பார்த்து, கலப்பு ஆண்களுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று காட்டினால் நான் கட்சி மாறிவிடுவேன். அதுவரை தற்செயலே போதுமான விளக்கம்.

இதற்கிடையில் பெயர்ச் சண்டையைவிட அவசரமான விஷயம் ஒன்று. பனியுகம் முடிந்து காடு மேலேறியபோது மேற்கு அமெரிக்காவின் சில நரிக்கூட்டங்கள் குளிரைத் தேடி மலை உச்சிகளுக்கு ஏறி அங்கேயே தங்கிவிட்டன. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலை நரி அப்படி ஒன்று. 2010-ல் சொனோரா கணவாய் அருகே தானியங்கிக் கேமராவில் ஒன்று சிக்கும் வரை, அந்தப் பக்கம் அது அழிந்தே போயிற்று என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். மிஞ்சியவை மிகச் சில. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் சேர்ந்ததால் குட்டி ஈனுவதே அரிதாகியிருந்தது. 2012-ல் வெளியிலிருந்து ஆண் நரிகள் வந்து சேர, அதற்குப் பிறகு கலப்புக் குட்டிகள் பிறந்தன. இங்கே வந்தவை ஆண்கள் என்பதால் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பார்ப்பவருக்கு எதுவுமே மாறியிருக்காது! 2021-ல் இந்த மலைத்தொடரின் நரிகளை அழியும் ஆபத்தில் உள்ளவை என்று அமெரிக்க அரசு பட்டியலிட்டது.

கடைசிக் கேள்வி. 1959-ல் (சர்ச்சர் கட்டுரை வந்த அதே ஆண்டு) சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் மரபியலாளர் பெல்யாயேவ் தொடங்கி, லியுத்மிலா துரூத் பல பத்தாண்டுகள் நடத்திய ஆய்வைத்தான் கேட்கிறீர்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதரைக் கண்டு மிரளாத குட்டிகளை மட்டும் பொறுக்கி இனம் சேர்த்தார்கள். அவை காட்டில் பிடித்த சைபீரிய நரிகள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, உரோமப் பண்ணை நரிகள். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் டால்டன், ஊல்ட்டன் என்ற இருவர் 1890-களில் கருப்பு உடலில் வெள்ளி நுனி முடி கொண்ட நரிகளைக் கூண்டில் வளர்க்கக் கற்றார்கள். அந்தத் தொழில் உலகெங்கும் பரவி ரஷ்யாவுக்கும் போனது. டி.என்.ஏ-வும் அதையே காட்டுகிறது: அவற்றின் தாய்வழி முக்கியமாகக் கிழக்குக் கனடா. ஆக, சைபீரியாவில் வாலாட்டும் அந்த நரிகள் பெரிங் கோட்டுக்கு அமெரிக்கப் பக்கத்தவை. 2018-ல் வெளியான செந்நரியின் முழு மரபுத்தொகையும் (அதன் டி.என்.ஏ முழுவதன் வரைபடம்) இந்தப் பண்ணை நரிகளிலிருந்து எடுத்ததுதான், அதனால் ஐரோப்பிய நரியை ஆராய்ந்தவர்களும் அப்போது அந்த அமெரிக்க வம்சத்து வரைபடத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டியிருந்தது.

கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன்.