கடையில் தோட்டா உண்டு, வெடிமருந்து இல்லை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல ஆண்டுகளாக இலக்குச் சுடுதலில் ஈடுபட்டு வருகிறேன். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சேகரித்து, புதிய பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொருத்தி, வெடிமருந்து நிரப்பி, குண்டு வைத்து, வீட்டிலேயே மீண்டும் தோட்டாவாக்கிக்கொள்வது என் வழக்கம். 2020இல் பிரைமர் மறைந்தது; அது திரும்பி வந்தபோது மருந்து மறைந்துவிட்டது. 6.5 கிரீட்மோர் என்னும் தோட்டா வகையைச் சுடும் என் துப்பாக்கிக்கு நான் நம்பியிருக்கும் எச்4350 என்ற மருந்து எப்போதாவது வந்தாலும் ஒரு மணி நேரம்கூடக் கடையில் தங்குவதில்லை. விலையோ ஏறக்குறைய இருமடங்காகிவிட்டது. ஆனால் அதே கடையில் ஆலையில் செய்த தோட்டாப் பெட்டிகள் கூரைவரை அடுக்கப்பட்டிருக்கின்றன. நிறுவனங்கள் எங்களை வேண்டுமென்றே பட்டினி போடுகின்றனவா? (வாசகர், ஹூஸ்டன், டெக்சஸ்)

பதில்: உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதில் சதி எதுவும் இல்லை. வரிசை ஒன்று இருக்கிறது, அதில் நீங்கள் கடைசியில் நிற்கிறீர்கள் என்பதே உண்மை. அலமாரியில் எத்தனை பெயர்கள் இருந்தாலும், அவற்றுக்குப் பின்னால் உள்ள ஆலைகள் மிகச் சிலவே. எச்4350 டப்பாவின் மேல் கான்சஸ் மாநிலத்து ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், உள்ளேயிருக்கும் மருந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உள்ள முல்வாலா ஆலையில் தயாராகிக் கடல் கடந்து வருவது. அதே நிறுவனம் விற்கும் உருண்டைத் துகள் மருந்துகள் ஃபுளோரிடாவின் செயின்ட் மார்க்ஸ் ஆலையிலிருந்தும், ஐஎம்ஆர் என்ற பெயரில் விற்கும் வகைகள் கனடாவின் வேலிஃபீல்டு ஆலையிலிருந்தும் வந்தவை. இவை அனைத்தும் முதலில் ராணுவங்களுக்காக இயங்குபவை. உங்களைப் போன்றோருக்கான ஒரு பவுண்டு டப்பா அவற்றின் வியாபாரத்தில் ஓரத்துப் பங்கு மட்டுமே.

அடுத்து மூலப்பொருள். நீங்கள் நிரப்புவது போன்ற புகையில்லா வெடிமருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். 1884இல் பிரான்சில் பால் வியேய் செய்த முதல் மருந்து தொடங்கி இன்றுவரை இதில் மாற்றமில்லை. பருத்தியை அரைத்துப் பஞ்சைப் பிரித்த பிறகும் கொட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டை நார், அதாவது லிண்டர், அல்லது மரக்கூழ், அமிலக் கலவையில் பதப்படுத்தப்பட்டு நைட்ரோசெல்லுலோஸ் ஆகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, 155 மி.மீ. பீரங்கிக் குண்டுகளுக்கான தேவை பல மடங்கானது. 12 மாதங்களில் 10 லட்சம் குண்டுகள் தருவதாக ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் முடிவெடுத்தது. மாதத்துக்குச் சுமார் 14,000 குண்டுகள் செய்துகொண்டிருந்த அமெரிக்க ராணுவம், அதை ஒரு லட்சமாக்க இலக்கு வைத்தது. பீரங்கி மருந்தும் உங்கள் துப்பாக்கி மருந்தும் ஒன்றல்ல என்றாலும், இரண்டுக்கும் நைட்ரோசெல்லுலோஸ் வேண்டும். உங்கள் தோட்டா ஒன்றுக்கு 40 கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிறு எடை அலகு) சொச்சம் மருந்து போகிறது. ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின். ஆக ஒரு கிலோவில் (சுமார் 2.2 பவுண்டு) ஏறக்குறைய 370 தோட்டாக்களை நிரப்பலாம். பீரங்கியோ ஒரே வெடிக்குப் பல கிலோ மருந்தை விழுங்குகிறது. நைட்ரோசெல்லுலோஸ் ஆலையைப் புதிதாக எழுப்புவதும் எளிதல்ல. அமிலம், கழிவுநீர், தீ விபத்து அபாயம் ஆகியவற்றை முன்னிட்டு, அனுமதி பெறுவதற்கே ஆண்டுகள் ஆகும்.

இனி நீங்கள் கேட்டதன் மையத்துக்கு வருகிறேன். தோட்டா இருக்கும்போது மருந்து ஏன் இல்லை? அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் உணவகக்காரர் சாப்பாடு பரிமாறுவாரே தவிர, கிடங்கிலுள்ள மூட்டையை எடுத்து விற்க மாட்டார். மருந்தைத் தோட்டாவாக்கி விற்றால், அதோடு பித்தளைக்கும் பிரைமருக்கும் குண்டுக்கும் சேர்த்து லாபம் கிடைக்கிறது. இந்த அளவில் உங்கள் சந்தேகம் சரிதான். இது வணிகக் கணக்கு. ஆனால் தொழில்நுட்பக் காரணமும் ஒன்று உண்டு, அதை நம்மவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆலையில் ஒவ்வொரு முறை செய்யும் மருந்தும் எரியும் வேகத்தில் சிறிது மாறுபடும். தோட்டா ஆலைக்கு அழுத்தமானியும் சோதனைக் கூடமும் இருப்பதால், அந்தந்தச் சரக்குக்கு ஏற்ப அளவை மாற்றிக்கொள்கிறது. வீட்டில் நிரப்புபவருக்கு அந்த வசதி இல்லை. எவ்வளவு மருந்து போடலாம் என்று சொல்லும் கையேட்டை அவர் நம்புகிறார். ஆகவே டப்பாவில் அடைக்கும் மருந்து, பல சரக்குகளைக் கலந்து, முன்பு விற்றதைப் போலவே எரியும்படி சரிசெய்யப்பட வேண்டும். சரக்கு குறைவாக இருக்கும் காலத்தில் முதலில் கைவிடப்படுவது இந்தக் கூடுதல் வேலைதான். 2024இல் அலையன்ட் என்னும் அமெரிக்க மருந்து நிறுவனம், வீட்டில் தோட்டா நிரப்புவோருக்கான மருந்தை அனுப்புவதை நிறுத்திவைத்தது. 1898 முதல் விற்பனையில் இருந்துவரும் புல்ஸ் ஐ மருந்தும் அந்த நிறுத்தத்தில் சிக்கியது.

பதுக்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பிறகும், 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பிறகும், 2020இலும் நேர்ந்த தட்டுப்பாடுகள் வாங்குவோரின் அச்சத்தால் வந்தவை. ஆலைகள் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருந்தன, அச்சம் தணிந்ததும் சரக்கு திரும்பியது. இப்போதையது அடியிலேயே வறண்டிருப்பது. எனவே எட்டு பவுண்டு குடங்களை வாங்கிக் குவிப்பவர்கள் இந்தத் தட்டுப்பாட்டை உண்டாக்கவில்லை, நீட்டிக்கிறார்கள்.

இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ராணுவத்துக்குத் தேவைப்படாமல் மிஞ்சிய 4895 மருந்தை புரூஸ் ஹாட்ஜ்டன் வாங்கி, பழைய ரயில் பெட்டி ஒன்றில் வைத்து, 150 பவுண்டுப் பீப்பாயை 30 டாலருக்கு விற்றார். பவுண்டுக்கு 20 சென்ட். அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கு இவ்வளவு மலிவாக வளர்ந்தது அந்த மிச்சத்தினால்தான். போர் தந்த மலிவை அனுபவித்த துறை, போர் கேட்கும் விலையையும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: எச்4350 கிடைக்காத நிலையில் ஐஎம்ஆர் 4350 கிடைத்தது. எண் ஒன்றாகவே இருப்பதால் அதே அளவில் நிரப்பலாமா? (வாசகர், டல்லஸ்)

பதில்: கூடாது. எண் ஒன்றாக இருப்பது வம்சாவளியைக் காட்டுகிறது, எரியும் வேகத்தை அல்ல. அக்யுரேட் 4350 என்று மூன்றாவதும் ஒன்று உண்டு. மூன்றும் அருகருகே நிற்பவை, ஆனால் தனித்தனி மருந்துகள். ஹாட்ஜ்டன் எச்110, வின்செஸ்டர் 296 ஆகிய இரண்டும் ஒரே மருந்து என்று விற்பவர்களே ஒப்புக்கொள்ளும் விதிவிலக்கை வைத்து, எல்லாவற்றையும் அப்படியே எண்ணிவிட வேண்டாம். ஐஎம்ஆர் 4350ஐ வாங்கியதில் தவறில்லை. அதற்கென்று தயாரிப்பாளர் வெளியிட்ட அளவுகளை எடுத்துக்கொண்டு, தொடக்க அளவிலிருந்து புதிதாக ஆரம்பியுங்கள். ஒரே மருந்தின் மேல் வைத்திருக்கும் பிடிவாதமும் இந்தத் தவிப்புக்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. உங்கள் தோட்டாவுக்குக் கையேட்டில் பல மருந்துகள் இருக்கும். அவற்றுள் மூன்று நான்கைப் பழகி வைத்திருப்பவர், ஒன்று இல்லாவிட்டாலும் மைதானத்துக்குப் போகிறார்.

கேள்வி: எங்கள் அருவங்காட்டிலேயே நூறாண்டு கடந்த கார்டைட் (ஒரு வகைப் புகையில்லா வெடிமருந்து) தொழிற்சாலை இருக்கிறதே, அங்கிருந்து அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பினால் என்ன? (வாசகி, குன்னூர்)

பதில்: ஊர்ப் பற்று புரிகிறது. பிரிட்டிஷ் இந்தியப் படைக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில் அமைந்த அந்தத் தொழிற்சாலை, 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அங்கே உருவாகும் மருந்துகள் படைகளின் ஆயுதங்களுக்காக வகுக்கப்பட்டவை. அமெரிக்க வீட்டுப் பட்டறைக்கு வேண்டியது, மேலே சொன்னபடி, ஒவ்வொரு துப்பாக்கி வகைக்கும் சோதித்த அளவுப் பட்டியலோடு வரும் டப்பா மருந்து. அந்தப் பட்டியலை உருவாக்கவே நீண்ட உழைப்பு வேண்டும். அதுவரை ஆலையில் கையிருப்பு இருந்தாலும் அங்கே பயன்படுத்த இயலாது. தவிர, உலகெங்கும் பீரங்கி மருந்துக்கே ஆள் தேடும் காலத்தில், எந்த நாட்டு ஆலையும் புதிதாக ஒரு பவுண்டு டப்பாவில் அடைக்க எளிதில் முன்வராது.

கேள்வி: மாமனார் விட்டுச்சென்ற பழைய மருந்து டப்பாக்கள் கராஜில் இருக்கின்றன. தட்டுப்பாட்டு நேரத்தில் அவற்றைப் பயன்படுத்தலாமா? (வாசகர், அட்லாண்டா)

பதில்: குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில், மூடி திறக்காமல் இருந்தால் பல பத்தாண்டுகள்கூடத் தாங்கும். ஆனால் ஜார்ஜியாவின் கோடையில் கராஜ் அப்படிப்பட்ட இடமல்ல. திறந்ததும் மூக்கை அரிக்கும் அமில நெடி, செம்பழுப்புத் தூசு, துருப்பிடித்த டப்பாவின் உட்புறம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் அந்த மருந்து கெட்டுவிட்டது, வைத்திருப்பதே ஆபத்து. தயாரிப்பாளரைக் கேட்டு அப்புறப்படுத்துங்கள். நல்ல நிலையில் இருப்பவற்றையும் அவற்றின் சொந்த டப்பாவிலேயே வைத்திருங்கள். பெயர்த்தாள் உதிர்ந்துபோனதை, உள்ளே இருப்பது இன்னதென்று எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும், பயன்படுத்த வேண்டாம்.