களிப்பாறை காக்குமா?

ஐயா, பெங்களூரில் நிலவியல் முதுகலை படிக்கிறேன். ஜார்க்கண்டில் வரவிருக்கும் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கான நிலத்தடி நீர் அறிக்கையில் உதவுகிறேன். நிலக்கரிக்கு மேலே களிப்பாறை இருப்பதால் மணற்பாறையின் நீர் இறங்காது என்று எழுதியிருக்கிறேன். இது சரியா? தமிழில் படிக்க நூல்கள் உண்டா?
— ஒரு வாசகி, அல்சூர்

அன்புள்ள வாசகிக்கு,

நூல்களைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இடம்பெறாத கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களைப் பற்றித்தான் சில வாரங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

களிப்பாறை நீரைத் தடுப்பது தோண்டும்வரைதான். கூரையைத் தாங்க விட்டுவைத்த நிலக்கரித் தூண்களையும் எடுத்துவிட்டால் கூரை இடியும், மேலடுக்குகள் விரிசல் விடும், மணற்பாறையின் நீர் அவ்வழியே இறங்கும், ஊர்க் கிணறுகளும் வற்றக்கூடும். நீரை இறைத்து நிலத்தடி நீரோட்டத்தை அளக்கும் இன்றைய பம்பு சோதனையை வைத்துச் சுரங்கத்தின் ஆயுள் முழுவதற்கும் உறுதி சொல்வது நீங்கள் படித்த படிப்புக்கு அழகல்ல.

அந்த நீரையாவது பெரும்பாலும் இறைத்துச் சமாளிக்கலாம். ஆளைக் கொல்வது பழைய வெட்டுகளில், அதாவது கைவிட்ட சுரங்கக் குடைவுகளில், தேங்கிய நீர். அது 100 மீட்டர் உயரத்துக்கு நின்றால் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தம். தன்பாத் அருகே சாஸ்நாலாவில் 1975 டிசம்பர் 27 அன்று, தேங்கிய நீர் உடைத்துப் பாய்ந்ததில் சுமார் 375 பேர் மாண்டனர். 2002 ஜூலையில் பென்சில்வேனியாவின் க்வீக்ரீக்கில், வரைபடம் காட்டியதைவிட அருகில் இருந்த பழைய சுரங்கத்தை உடைத்துவிட்டதால் 9 பேர் வெள்ளத்தில் சிக்கினர். நல்லவேளையாக அனைவரும் மீண்டனர்.

என் தந்தை கோலார் தங்கவயலில் பம்பு ஆளாக இருந்தார். அங்கே இருப்பது கெட்டிப் பாறை, நிலக்கரிப் படுகையோடு ஒப்பிட முடியாதது. ஆனாலும் சுவர் வியர்த்தாற்போல் நீர் துளிர்த்தால் விரலில் தொட்டு முகர்ந்து பார்ப்பார். துருநிறமும் அழுகிய முட்டை வாடையும் இருந்தால் அருகில் பழைய வெட்டு உண்டென்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார். அவருடைய காக்கிக் கால்சட்டையில் முழங்காலுக்குக் கீழே அந்தத் துருக்கறை எத்தனை முறை துவைத்தாலும் போனதில்லை.

நீர் தேங்கிய பழைய வெட்டை அனுமதியின்றி 60 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது என்கிறது நம் நாட்டு விதி. அந்த வெட்டு எங்கே முடிகிறதென்றே தெரியாதபோது 60 மீட்டரை எங்கிருந்து அளப்பீர்கள்? பக்கத்துச் சுரங்கத்தில் வேலை நின்ற தேதியையும் அதன் கடைசி வரைபடத்தின் தேதியையும் கேட்டு வாங்குங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் வரைபடத்தில் இல்லாத வெட்டும் இருக்கக்கூடும்; அப்போது, முன்கூட்டித் துளையிட்டுப் பார்க்காமல் முன்னேறக்கூடாதென்று அறிக்கையில் எழுதுங்கள். அதுவரை, எந்தப் பேராசிரியர் அவசரப்படுத்தினாலும், அந்த அறிக்கையில் உங்கள் பெயரைச் சேர்க்க விடாதீர்கள், அம்மா.